330-இலிருந்து 380: ஓ.இ.டி. பேச்சுத் தேர்வுக்கு வீட்டில் செய்த பயிற்சியின் பதிவு

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை வார்டில் ஒன்பது ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிகிறேன். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதற்காக, மருத்துவத் துறையினருக்கென்று தனியாக நடத்தப்படும் ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வை எழுதினேன். அங்குள்ள நர்சிங் அண்டு மிட்வைஃபரி கவுன்சில், கேட்டல், வாசித்தல், பேசுதல் ஆகிய மூன்றிலும் பி தரத்தையும் எழுதுதலில் சி பிளஸ் தரத்தையும் கேட்கிறது. 500 வரை மதிப்பெண் இடப்படும் இத்தேர்வில் 350 முதல் 440 வரை பி தரம். முதல் முறை எனக்கு மற்ற மூன்றும் அமைந்துவிட்டன; பேச்சில் மட்டும் 330 வந்தது. கைக்குக் கிடைத்த முடிவுத் தாளில் அந்த எண் இருந்ததே தவிர, எங்கே தவறினேன் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. அந்த 20 மதிப்பெண் எங்கே போயிற்று என்று தேடிப் பதினொரு வாரம் வீட்டில் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். எதை மாற்றுவது என்று தெரியாமல், மறுபடியும் பணம் கட்டிவிட்டு, பழைய பயிற்சியையே திரும்பச் செய்துகொண்டிருக்கும் செவிலியர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்துத்தான் இவ்வளவு விவரம்.

தேர்வின் அமைப்பு தெரிந்தால்தான் மற்றவை விளங்கும். பேச்சுத் தேர்வில் இரண்டு ரோல் பிளே உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை தருவார்கள். அதில் இடம், நோயாளியின் நிலை, நாம் செய்ய வேண்டிய பணிகள் ஆகியவை இருக்கும். அதைப் படிக்க மூன்று நிமிடம், பேச ஏறக்குறைய ஐந்து நிமிடம். எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ நடிப்பார். அவர் கையில் வேறோர் அட்டை இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. மதிப்பெண் இடுபவரும் அவரல்லர். பேச்சு முழுவதும் பதிவு செய்யப்பட்டு, மதிப்பீட்டாளர்கள் பின்னர் அதைக் கேட்டு மதிப்பெண் இடுகிறார்கள். தொடக்கத்தில் நம்மைப் பற்றிக் கேட்கும் சில நிமிடப் பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது. மொழி சார்ந்து நான்கு கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 6 வரை. நோயாளியுடன் பேசும் முறை சார்ந்து ஐந்து கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 3 வரை. மருத்துவ அறிவு அளக்கப்படுவதில்லை. முதல் தேர்வுக்கு முன்பு இந்த ஒன்பது கூறுகளையும் நான் படித்திருந்தேன். ஆனால் பின்னாலுள்ள ஐந்தும் ஒன்பது ஆண்டு வார்டு வேலையில் தாமாகவே வந்திருக்கும் என்று நம்பி, இலக்கணத்தையும் சொற்களையும் மட்டுமே கவனித்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் படிக்கும் என் தம்பியை நோயாளியாக உட்காரவைத்தேன். குடலிறக்க அறுவைச் சிகிச்சை முடிந்த ஒருவர், மருத்துவர் இன்னொரு நாள் தங்கச் சொல்லியும் அன்று மாலையே வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார். இதுதான் நாங்கள் எழுதிய அட்டை. சாப்பாட்டு மேசையில் இருவருக்கும் நடுவே செல்பேசியை வைத்து ஐந்து நிமிடம் பதிவு செய்தோம். பேசி முடித்தபோது நன்றாகத்தான் பேசியிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது. தம்பியும் அதையே சொன்னான்.

பிறகு அந்தப் பதிவை ஒரு சொல் விடாமல் நோட்டில் எழுதினேன். இழுத்தது, தடுமாறியது, பாதியில் விட்டது எல்லாவற்றையும் எழுதினேன். ஐந்து நிமிடப் பேச்சை எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இந்தப் பதினொரு வாரத்தில் எனக்கு மிகுந்த பலன் தந்த ஒரே வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பதிவைக் காதால் மட்டும் கேட்கும்போது, நாம் சொல்ல நினைத்ததையே மனம் கேட்டுக்கொள்கிறது. எழுதும்போதுதான் உண்மையில் சொன்னது கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்து நிமிடத்தில் தம்பி பேசியது 50 விநாடிகூட இல்லை. நான் 'ஓகே' என்று 27 முறை சொல்லியிருந்தேன். 11 கேள்விகள் கேட்டிருந்தேன். அவற்றில் 9 கேள்விகளுக்கு ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே பதில் சொல்ல முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக என்னை உறுத்தியது ஓர் இடம். தம்பி, திங்கட்கிழமையிலிருந்து கடை பூட்டிக் கிடக்கிறது, நான் எப்படி இங்கே தங்குவேன் என்று ஆங்கிலத்தில் சொல்கிறான். அதற்கு நான் சொன்ன பதில் நோட்டில் இப்படி இருந்தது: "ஓகே. டு யூ ஹேவ் எனி அலர்ஜீஸ்?"

அந்த மனிதர் வீட்டுக்குப் போக நினைப்பதற்கான காரணமே அந்தக் கடைதான். அதை அவர் என் கையில் கொடுத்தார். நான் வாங்காமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, உச்சரிப்பிலும் பெரிய குறையில்லை. போன 20 மதிப்பெண்ணில் பெரும்பகுதி இங்கேதான் போயிருக்க வேண்டும் என்று அன்றே எனக்குப் பட்டது.

முதல் தேர்வுக்கு முன்பு நான் போன பயிற்சி வகுப்பில் 40 வாக்கியங்களை மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். 'ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன்' என்பது அவற்றில் ஒன்று. பதிவில் தேடிப் பார்த்தபோது, அந்த வாக்கியத்தையும் மூன்று முறை சொல்லியிருந்தேன். மூன்று முறையும் அதற்குப் பின்னால் அவருடைய கவலை என்ன என்ற பேச்சே இல்லை. மனப்பாட வாக்கியம் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். வாய் திறக்கவே தயங்குபவருக்கு அது பிடிமானம். ஆனால் அது நோயாளி சொன்னதைக் காதில் வாங்காமலே சொல்லக்கூடியதாக இருப்பதால், கேட்கும் மதிப்பீட்டாளருக்கு அந்த வெறுமை உடனே தெரிந்துவிடும். பிறகு நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: ஆறுதலாக எதைச் சொன்னாலும், நோயாளி சற்று முன் சொன்ன ஒரு சொல்லாவது அதற்குள் இருக்க வேண்டும். கடை பூட்டிக் கிடக்கிறது என்றால், 'இட் மஸ்ட் பி வொரியிங் டு ஹேவ் த ஷாப் க்ளோஸ்டு சின்ஸ் மண்டே' என்று தொடங்க வேண்டும். இதற்கு மனப்பாடம் உதவாது, காது வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் இந்த விதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்திலேயே முயன்றேன், வரவில்லை. சொற்களைத் தேடுவதிலேயே கவனம் போய்விடுவதால், தம்பி சொல்வது காதில் விழுந்தாலும் மனத்தில் தங்கவில்லை. அப்போதுதான் என் அத்தையைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. என் கணவருடைய அம்மா. அவருக்குப் பதினான்கு ஆண்டுகளாக நீரிழிவு. சென்ற ஆண்டு கால்விரலில் புண் வந்து ஆறியது. ஆங்கிலம் தெரியாது. அவரை நோயாளியாக உட்காரவைத்து, அதே ரோல் பிளேயைத் தமிழில் செய்தேன். மொழிச் சுமை இல்லாதபோது எனக்கு இந்தப் பேச்சு வருகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

தமிழிலும் வரவில்லை. "காலைக் காட்டுங்க. எத்தனை நாளா இருக்கு? சுகர் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா? செருப்பு போட்டு நடந்தீங்களா, இல்லையா?" என்று நான் கேட்டுக்கொண்டே போக, அத்தை பாதியில் நிறுத்தி, "மக்களே, நீ கேள்வி கேக்கியா, அதட்டுகியா?" என்றார். அவர் சினந்து சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். ஒரு டியூட்டியில் பதினெட்டு நோயாளிகளைப் பார்க்கும் இடத்தில், ஆம், இல்லை என்று முடியும் கேள்விகள்தான் வேலையை ஓட்டுகின்றன. அதில் நான் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்தில் என் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது என்பதை அன்றுதான் கண்டேன். குறை ஆங்கிலத்துக்கு முன்பே, என் பேச்சின் வடிவத்திலேயே இருந்திருக்கிறது.

மறுநாள் மாலை திரும்ப உட்கார்ந்தோம். இந்த முறை ஒரே கேள்விதான் கேட்டேன்: "இந்தப் புண் எப்படி ஆரம்பிச்சதுன்னு முதல்ல இருந்து சொல்லுங்க அத்தை." பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசினார். கொல்லையில் தேங்காய் பொறுக்கப் போனபோது கல் இடித்தது, முதல் நாள் மஞ்சள் வைத்துக் கட்டியது, மகனிடம் நான்கு நாள் சொல்லாமல் மறைத்தது எல்லாம் வந்தன. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டபோது, பக்கத்து வீட்டில் ஒருவருக்கு விரலில் தொடங்கி முழங்கால் வரை எடுத்துவிட்டார்கள் அல்லவா, தமக்கும் அப்படி ஆகிவிடும் என்று பயந்ததாகச் சொன்னார். ஆறு ஆண்டுகளாக அவருடன் ஒரே வீட்டில் இருக்கிறேன். அந்தப் புண்ணுக்குக் கட்டு மாற்றியவளும் நான்தான். இந்தப் பயம் எனக்குத் தெரியாது.

தேர்வில் எதிரில் இருப்பவரின் அட்டையில் இருப்பதும் இதைப் போன்ற ஒன்றுதான். நாம் கேட்டால்தான் வெளியே வரும் ஒரு பயம், ஒரு தடை, ஒரு காரணம் அதில் இருக்கும். அதைக் கண்டுபிடித்து, அதற்கு ஏற்றபடி நம் விளக்கத்தை மாற்றிக்கொள்கிறோமா என்பதைப் பார்க்கத்தான் அந்த ஐந்து கூறுகளில் ஒன்று, நோயாளியின் பார்வையைப் புரிந்து சேர்த்துக்கொள்வது என்று வைக்கப்பட்டிருக்கிறது.

அதன்பின் பயிற்சியின் ஒழுங்கை மாற்றினேன். ஒவ்வொரு அட்டையையும் முதலில் அத்தையிடம் தமிழில், மறுநாள் தம்பியிடம் ஆங்கிலத்தில் செய்தேன். தமிழில் பேசியதை மொழிபெயர்க்கவில்லை. அது செய்யக் கூடாத வேலை. தமிழ்ப் பேச்சில் எந்த இடத்தில் திறந்த கேள்வி கேட்டேன், எங்கே நிறுத்தினேன், எங்கே அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன், எங்கே 'இதுவரைக்கும் புரிஞ்சுதா, நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க' என்று சரிபார்த்தேன் என்ற நான்கை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டு, அதே நான்கையும் ஆங்கிலத்தில் செய்தேன். ஐந்தாம் வார முடிவில் எடுத்த பதிவில் தம்பியின் பேச்சு ஏறத்தாழ இரண்டு நிமிடத்தைத் தொட்டது. 'ஓகே' 8 ஆகக் குறைந்தது.

தம்பிக்கும் பயிற்சி வேண்டியிருந்தது. தொடக்கத்தில் அவன் நல்ல பிள்ளையாக, நான் எதிர்பார்க்கும் பதிலையே சொன்னான். அதனால் எனக்குப் பயனில்லை. பிறகு அவனுடைய அட்டையை அவனே எழுதி, எனக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கேட்காமல் எதையும் சொல்லக் கூடாது, ஒரு முறையாவது என் பேச்சுக்கு மறுப்புச் சொல்ல வேண்டும், ஒரு முறையாவது பேசாமல் இருக்க வேண்டும் என்று மூன்று விதிகள். அந்த மௌனம்தான் எனக்குக் கடினமாக இருந்தது. எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் உடனே அடுத்த கேள்வியைப் போட்டு அந்த இடத்தை நிரப்பிவிடுவேன். மேசைக்கு அடியில் விரலை மடித்து மூன்று வரை எண்ணிய பிறகே பேசுவது என்று வைத்துக்கொண்டேன். "அக்கா, நீ மூணு எண்ணுறது என் கண்ணுக்குத் தெரியுது, ஆனா நான் பேசிடுறேன்" என்று அவனே ஒரு நாள் சொன்னான்.

இனி ஒலிகள். இதில் நான் செய்த முதல் தவறு, சொற்களின் உச்சரிப்பை நோட்டின் ஓரத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்ததுதான். 'பேக்' என்று எழுதினால் அது முதுகா, பையா, பொதியா என்று தெரியாது. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு ஒலிகள். 'குட்' என்பது நல்லது என்ற சொல்லாகவும் இருக்கலாம், 'முடியுமா' என்று பணிவாகக் கேட்கும் சொல்லாகவும் இருக்கலாம். தமிழ் எழுத்து தமிழுக்குப் போதுமானது. அதில் எழுதி ஆங்கிலத்தைப் படித்தால் அந்த ஒலி வேறுபாடுகள் மறைந்துபோகும். இந்தப் பதிவில் வேறு வழியின்றித் தமிழில் எழுதுகிறேன். பயிற்சி செய்பவர்கள் ஒலியை அகராதிச் செயலியில் கேட்டே பழக வேண்டும்.

என் உச்சரிப்பைச் சோதிக்கச் செல்பேசியின் குரல்வழித் தட்டச்சைப் பயன்படுத்தினேன். மாத்திரை என்ற பொருளில் 'பில்' என்று பத்து முறை சொன்னேன். அது ஆறு முறை கட்டணச் சீட்டு என்ற பொருள்படும் சொல்லை எழுதியது. தமிழில் சொல்லின் தொடக்கத்தில் வரும் பகரத்தை நாம் மூச்சை வெளியே தள்ளாமல் சொல்கிறோம். ஆங்கிலக் காதுக்கு அது கட்டணச் சீட்டைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலியாகவே கேட்கிறது. ஒரு டிஷ்யூத் தாளை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அது அசையும்படி அந்த எழுத்தைச் சொல்லிப் பழகினேன். 'பெயின்', 'பேஷன்ட்', 'பல்ஸ்' என்று எங்கள் தொழிலில் இந்த ஒலியில் தொடங்கும் சொற்கள் நிறைய இருப்பதால், இந்த ஒன்றைச் சரிசெய்தது பல இடங்களில் உதவியது. வாக்கியமாகச் சொன்னால் குரல்வழித் தட்டச்சு சூழலை வைத்துச் சரியான சொல்லை ஊகித்துவிடும், நம் தவறு வெளியே வராது. தனிச் சொல்லாகச் சொன்னால்தான் சோதனை.

சொல்லின் இறுதியில் உகரம் சேர்ப்பது இன்னொன்று. 'டேப்லெட்டு', 'பெட்டு', 'டெஸ்ட்டு' என்று வருவது சோம்பல் அன்று. தமிழில் வல்லின மெய் சொல்லின் இறுதியில் நிற்காது, குற்றியலுகரம் சேர்ந்துதான் நிற்கும். நம் இலக்கணம் அவ்வளவு ஆழமாக வாயில் பதிந்திருக்கிறது. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கும்போது இரண்டையும் ஒட்டிச் சொல்லிப் பழகினால் அந்த உகரம் தானாக உதிர்ந்துவிடுகிறது. 'டேக் இட் ஆஃப்டர் ஃபுட்' என்பதை ஒரே சொல்லாக நினைத்து, இடையில் நிறுத்தாமல் சொல்லிப் பழகினேன். கடைசிச் சொல்லில் மட்டும் இன்றும் எனக்கு உகரத்தின் நிழல் இருக்கிறது.

பதினைந்தும் ஐம்பதும் தனிப் பத்தி பெற வேண்டியவை. ஆங்கிலத்தில் 'ஃபிஃப்டீன்' என்பதில் அழுத்தம் இறுதியில், 'ஃபிஃப்டி' என்பதில் தொடக்கத்தில் விழுகிறது. இரண்டிலும் எல்லா அசைகளையும் ஒரே கனத்தில் சொல்வது நம் பழக்கம். மருந்தின் அளவைச் சொல்லும்போது இந்தக் குழப்பம் மதிப்பெண்ணோடு நிற்காது. 15 மில்லிகிராமுக்கும் 50 மில்லிகிராமுக்கும் இடையே ஒரு நோயாளியின் உயிர் இருக்கலாம். டியூட்டி மாற்றிக்கொடுக்கும்போது எண்ணைச் சொல்லிவிட்டு 'ஒன் ஃபைவ்' அல்லது 'ஃபைவ் ஸீரோ' என்று இலக்கமாகவும் சொல்வது எங்கள் வார்டு வழக்கம். ரோல் பிளேயிலும் அதைச் செய்தேன். அழுத்தத்துக்கு ஒரு ரப்பர் வளையத்தை இரண்டு கட்டைவிரல்களில் மாட்டிக்கொண்டு, அழுத்தம் விழும் அசையில் இழுத்து, மற்ற அசைகளில் தளரவிட்டேன். 'ஆன்டிபயாட்டிக்', 'இன்ஜெக்ஷன்', 'டயபீட்டீஸ்', 'ஃபிசியோதெரபி' என்று நாள்தோறும் ஐந்து சொற்கள். டியூட்டிக்குப் பேருந்தில் போகும்போதே இதைச் செய்யலாம், குரல்கூட வேண்டியதில்லை.

சொற்களில் எனக்கு வியப்பளித்தவை கடினமான மருத்துவச் சொற்கள் அல்ல. நாள்தோறும் ஆங்கிலம் என்றே நினைத்துப் பேசிக்கொண்டிருக்கும் எங்கள் மருத்துவமனைச் சொற்கள்தாம் சிக்கல். 'சுகர் இருக்கா' என்பதை அப்படியே 'டு யூ ஹேவ் ஷுகர்' என்று கேட்டால், பிரிட்டனில் உள்ளவருக்கு அது சர்க்கரை டப்பாவைப் பற்றிய கேள்வியாகத்தான் கேட்கும். 'டயபீட்டீஸ்' என்று சொல்ல வேண்டும். 'மோஷன் போனீங்களா' என்பதற்கு அவர்கள் 'ஹேவ் யூ ஓப்பண்டு யுவர் பவல்ஸ்' என்கிறார்கள். நோயாளியுடன் துணைக்கு இருப்பவரைக் கேரளத்திலும் எங்கள் குமரி மாவட்டத்திலும் 'பைஸ்டாண்டர்' என்போம். அங்கே அந்தச் சொல் தெருவில் விபத்தை வேடிக்கை பார்த்து நிற்பவரைக் குறிக்கும். அதற்கு 'ரிலேட்டிவ்' அல்லது வீட்டில் பார்த்துக்கொள்பவர் என்றால் 'கேரர்'. இவை எதுவும் பயிற்சி வகுப்பின் சொற்பட்டியலில் இல்லை. ஒரு வாரம் முழுவதும் வார்டில் நாங்கள் பேசும் ஆங்கிலச் சொற்களைச் சட்டைப்பைத் தாளில் குறித்துவந்து, ஒவ்வொன்றாகப் பிரிட்டிஷ் நோயாளிகளுக்கான தகவல் பக்கங்களில் தேடிச் சரிபார்த்தேன். 31 சொற்கள் சேர்ந்தன. அவற்றில் 12 சொற்களை மாற்றிக்கொண்டேன்.

நம் 'தான்' ஆங்கிலத்தில் 'ஒன்லி' ஆகி வாக்கியத்தின் இறுதியில் ஒட்டிக்கொள்வதும் பதிவில் தெரிந்தது. 'டாக்டர் வில் கம் டுமாரோ ஒன்லி' என்று மூன்று பதிவுகளில் சொல்லியிருந்தேன். இதற்கு மாற்றாக ஒரு சொல் தேட வேண்டியதில்லை. 'நாட் அன்டில் டுமாரோ' என்ற ஒரே தொடரைப் பழகியதும் பெரும்பாலும் போய்விட்டது.

அட்டையைப் படிக்கும் மூன்று நிமிடத்தை நான் முதல் தேர்வில் வீணாக்கினேன். முழு வாக்கியங்களாக எழுதி, பேசும்போது அவற்றைத் தேடிக்கொண்டிருந்தேன். இந்த முறை, அட்டையிலுள்ள ஒவ்வொரு பணியிலும் வினைச்சொல்லை மட்டும் வட்டமிட்டேன். கண்டறி, விளக்கு, ஆறுதல் கூறு, இணங்கச்செய் என்பவை வெவ்வேறு பேச்சுகள். கண்டறிய வேண்டிய இடத்தில் விளக்கத் தொடங்குவது என் பழைய தவறு. பிறகு, இந்த நோயாளி எதற்குப் பயப்படுவார் என்று ஓர் ஊகத்தை ஓரத்தில் ஒரு சொல்லில் எழுதினேன். ஊகம் தவறாக இருந்தாலும் கெடுதல் இல்லை. கேட்பதற்கு ஒரு வாசல் கிடைக்கிறது. கடைசியாக, மருத்துவச் சொல் ஏதேனும் இருந்தால் அதற்கு என் அத்தைக்குச் சொல்வதுபோல் ஓர் எளிய விளக்கம். மூன்று நிமிடத்தில் இவ்வளவுதான் முடியும், இவ்வளவு போதும்.

பலன் தராதவற்றையும் சொல்ல வேண்டும். ஆங்கிலச் செய்தியை வைத்துக்கொண்டு கூடவே பேசும் பயிற்சியை நாள்தோறும் இருபது நிமிடம் வீதம் மூன்று வாரம் செய்தேன். செய்தி வாசிப்பவரின் இசை எனக்குக் கொஞ்சம் ஒட்டியது. ஆனால் நோயாளியிடம் யாரும் செய்தி வாசிப்பதில்லை. அதை நிறுத்திவிட்டு, நல்ல உரையாடல் ஒன்றிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து, பதிவு செய்து, மூல ஒலியோடு ஒப்பிட்டு, திரும்பப் பதிவு செய்தேன். ஒரு வாக்கியத்துக்கு ஏழெட்டு முறை ஆகும். இதில் முன்னேற்றம் தெரிந்தது. ஆறாம் வாரத்தில் நிதானமாகப் பேச வேண்டும் என்று நினைத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டதில் சரளம் கெட்டது. தம்பிதான், நீ மெதுவாகப் பேசவில்லை, துண்டு துண்டாகப் பேசுகிறாய் என்று பிடித்தான். ஒரு கருத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கருத்துக்கும் கருத்துக்கும் நடுவில் நிறுத்துவதே சரியான நிதானம். நைட் டியூட்டி முடிந்த காலையில் பயிற்சி செய்ததும் வீண். அந்தப் பதிவுகள் நான்கையும் கேட்டுவிட்டு அழித்தேன்.

எட்டாம் வாரத்திலிருந்து அட்டைகளைத் திரும்பச் செய்வதை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் புதிய அட்டை மட்டுமே எடுத்தேன். தெரிந்த அட்டையில் முன்னேற்றம் தெரிவது, பதில் தெரிந்திருப்பதால்தான். புதிய அட்டையில் 'ஓகே' திரும்ப 14 ஆக ஏறியது. அதுதான் உண்மை நிலை. அங்கிருந்து இறங்கி, தேர்வுக்குள் அது 6-இல் வந்து நின்றது. நோயாளி பேசிய நேரம் சராசரியாக இரண்டு நிமிடம். குடலிறக்க அட்டையைக் கடைசி வாரத்தில் ஒரே ஒரு முறை திரும்ப எடுத்தோம். தம்பி கடையைப் பற்றிச் சொன்னதும், கடையை வேறு யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். ஒரு நாள் முன்னதாகப் போய்ப் பாரம் தூக்கினால் எத்தனை நாள் கடை பூட்டிக் கிடக்கும் என்று விளக்கினேன். முதல் பதிவில் அவன் இறுதிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை. இந்த முறை, அப்படியானால் நாளைக் காலை எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று கேட்டான்.

தேர்வில் வந்த அட்டைகளின் விவரத்தை எழுதுவது முறையன்று. இரண்டாவது ரோல் பிளேயில், நான் விளக்கிக்கொண்டிருந்தபோது எதிரில் இருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார் என்பதை மட்டும் சொல்கிறேன். மேசைக்கு அடியில் விரலை மடித்தேன். மூன்றாவது விரலுக்கு முன்பே அவர் தம் கவலையைச் சொல்லிவிட்டார். அட்டையில் ஒரு பணி பாக்கியிருக்கும்போது நேரம் முடிந்தது. முதல் தேர்வில் எல்லாப் பணிகளையும் முடித்திருந்தேன். முடிவு வந்தபோது பேச்சுக்கு 380.

இப்போது எங்கள் வார்டிலிருந்து இரண்டு இளைய செவிலியர்கள் ஞாயிறு மாலைகளில் வீட்டுக்கு வருகிறார்கள். முதல் அரை மணி அத்தையிடம் தமிழில், பிறகு என்னிடம் ஆங்கிலத்தில். அத்தை ஒவ்வொரு வாரமும் எங்களிடம் சொல்லாமல் ஏதோ ஒன்றை மனத்தில் மறைத்து வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார். சென்ற வாரம் இன்சுலின் போட மறுக்கும் நோயாளியாக வந்தார். ஊசி வலிக்கும் என்ற பயமாக இருக்கும் என்று, அவரிடம் பேசிய இளைய செவிலி நினைத்துவிட்டாள். கையில் நடுக்கம் வந்ததிலிருந்து ஊசியில் உள்ள எண்களைத் தம்மால் சரியாகப் பார்த்து ஏற்ற முடியவில்லை, அதை மருமகளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்பது நான்காவது நிமிடத்தில்தான் வெளியே வந்தது. அது நடிப்பா, உண்மையா என்று நான் அன்று இரவு தனியாகக் கேட்டேன். மறுநாளிலிருந்து அவருக்கு ஊசியில் மருந்தை ஏற்றிக் கொடுப்பது நான்தான்.